கைது நேரம் மாலை 5.35

நவம்பர் 20

என் மகள் பூ. ஜெயரதியை, அவள் செய்யாத குற்றத்துக்காக, சூரியன் மறைந்த பிறகு, பெண் காவலர் ஒருவர்கூட இல்லாமல் மேட்டுத்தெரு காவல் நிலையத்தார் கைது செய்தார்கள். நடந்தது நேற்று முன்தினம், திங்கட்கிழமை, ரைஸ்மில் வளைவில். இது சட்டப்படி தவறு. இதை நான் விடப்போவதில்லை.

நான் அ. பூவலிங்கம், வயது எழுபத்தொன்று. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அரசு தானியக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். சாக்கில் அச்சடித்திருந்ததைக் கூட்டிக் கூட்டிப் படித்தே எழுத்து வந்தது. கடைசிப் பதினாறு வருடம் அதே கிடங்கில் எடைப் பதிவாளர். தமிழில் கிடைத்த சட்டப் புத்தகங்களை எல்லாம் வாங்கிப் படித்திருக்கிறேன். இந்த நோட்டை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வரலாம். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுத்துவிட்டு ரதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மணி ஐந்தே கால். வளைவில் ஏட்டு மாசானமுத்து கை காட்டினார். ரதி தலைக்கவசம் போட்டிருந்தாள். நான் போடவில்லை. பின்னால் இருப்பவரும் போட வேண்டும் என்பது சட்டம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அபராதம் போட அதற்குரிய தகுதியுள்ள அதிகாரி வேண்டும், ஏட்டு போட முடியாது என்பதும் சட்டம்தான். அதிகாரி எங்கே என்று கேட்டேன்.

"பெரிசு, சட்டத்த வீட்ல போயி பேசும். இப்ப எறங்கும்" என்றார்.

நான் இறங்கவில்லை. அவர் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கக் கை நீட்டினார். சாவியைப் பிடுங்கக் காவலருக்கு உரிமை கிடையாது. அப்போது அவர் கை தட்டிவிடப்பட்டது. அவருடைய கைக்கடிகாரம் தெறித்து விழுந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் என் மூக்குக்கண்ணாடியும் விழுந்து, யாரோ மிதித்துவிட்டார்கள்.

கையைத் தட்டிவிட்டது ரதி என்று எழுதிக்கொண்டார்கள். ரதியோ, நான் பின்னால் உட்கார்ந்திருந்ததால் வண்டி சாய்ந்துவிடக் கூடாது என்று, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இது முக்கியம்.

ஜீப் வர ஆறு ஐம்பது ஆகிவிட்டது. அதற்குள் தெருவிளக்கு எரிந்து, டீக்கடையில் சாமி படத்துக்கு விளக்கும் போட்டாகிவிட்டது. நிலையத்தில் ஏழேகாலுக்குக் காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். ரதி அன்றிரவு மகளிர் நிலையத்துப் பெஞ்சில் இருந்தாள். மறுநாள் மாஜிஸ்ட்ரேட் சொந்த ஜாமீனில் விட்டார். வழக்கு, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 132. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது.

நவம்பர் 21

ரதி வேலைக்குப் போனாள். ரசத்தில் உப்பில்லை. அப்படியே சாப்பிட்டேன்.

நவம்பர் 25

வழக்கறிஞர் எஸ்தர் கனகமணியைப் பார்த்தோம். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் அலுவலகம். நாற்பது வயது இருக்கும். நான் எழுதிக் கொண்டுபோன பதினொரு பக்கத்தையும் படித்தார். இதுவே அவர்மேல் எனக்கு மரியாதை வரப் போதுமானது.

வழிகளைச் சொன்னார். வழக்கையே ரத்து செய்யக் கோரி புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 528-ன்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். கைது முறை தவறென்று மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். ஏட்டின்மேல் மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப்புகார் கொடுக்கலாம். இல்லையென்றால் நிலையத்தோடு பேசி முடிக்கலாம். கடைசி வழியைச் சொல்லும்போது அவர் ரதியைப் பார்த்தார்.

சூரியன் மறைந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமானால் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதி வேண்டும். அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 43. நான் சொல்வதற்கு முன்பே அவரும் அதையே சொன்னார். "அதான் நம்ம கையில இருக்கிற நல்ல ஆயுதம், ஐயா. கைதுக் குறிப்போட நகலை வாங்கிட்டுப் பேசுவோம்."

ரதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஜனவரி இருபத்தேழுக்குள் முடியுமா என்று. அவள் அரசு மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஒப்பந்தச் செவிலியர். இந்த முறை நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. இருபத்தேழாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. ஆறு வருடத்துக்கு முன் கணவன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். அன்று முதல் எதற்கும் என்னிடம் கை நீட்டியதில்லை. அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம்.

நீதி முடிகிறபோது முடியும் என்றேன். வக்கீல் அம்மா பேனாவை மூடினார்.

நவம்பர் 29

மனித உரிமை ஆணையத்துக்கு என் பெயரில் மனு அனுப்பினேன். பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையுடன். இதுவரை வீட்டில் கிடந்த பழைய கண்ணாடியை வைத்தே எழுதினேன்; வழியில் புதியது வாங்கினேன்.

டிசம்பர் 3

கைதுக் குறிப்பின் நகல் வந்திருக்கிறதென்று வக்கீல் அம்மா அழைத்தார். தனியாகப் போனேன். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கைது நேரம் மாலை 5.35 என்று இருந்தது. பெண் காவலர் உடனிருந்தார் என்று ஒரு பெயரும் இருந்தது. அப்படி ஒருவரை நான் கண்ணால் பார்க்கவில்லை. கீழே உறவினர் சாட்சி என்ற இடத்தில், கோணாமல், எழுத்துப் பிசகாமல், என் கையெழுத்து. அதற்கு மேலே என் கையாலேயே எழுதிய வரி: "படித்துப் பார்த்தேன், சரி."

இதை விளக்க வேண்டும். கிடங்கில் ஒவ்வொரு லாரிச் சீட்டிலும் கையெழுத்துக்கு முன்னால் நான் இப்படி எழுதுவேன். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள், அல்லது கிறுக்கினார்கள். நான் படித்தவன் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஆரம்பித்தேன். பதினாறு வருடம் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் கேஸ் சிலிண்டர் ரசீதில்கூட எழுதுகிறேன். அன்று என்னிடம் கண்ணாடி இல்லை. நிலைய எழுத்தர் நீட்டிய காகிதம் எனக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. படித்துக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை தானாக எழுதிவிட்டது. எழுத்தர் பார்த்துவிட்டு, "நீரு வக்கீலுக்கே படிச்சிருக்கலாம் ஓய்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"வெறும் கையெழுத்துன்னா ஏதாவது சொல்லலாம், ஐயா" என்றார் வக்கீல் அம்மா. "இதுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

கண்ணாடி உடைந்ததற்குச் சாட்சி தேட வேண்டும்.

டிசம்பர் 5

ரைஸ்மில் வளைவு டீக்கடை சேர்மக்கனியைப் பார்த்தேன். பதினைந்து வருடப் பழக்கம். தெருவிளக்கு எரிந்த பிறகுதான் ஜீப் வந்தது, என் கண்ணாடி உடைந்தது, ரதி கையை ஓங்கவில்லை, இந்த மூன்றையும் கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்றேன். கூட்டம் போகும்வரை என்னை உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, நான் கூண்டுல ஏறுனா மூணோட நிறுத்தமாட்டாங்க. ரதி ஓங்கலன்னா வேற யாருன்னு கேப்பாங்க. அப்ப நான் பாத்ததச் சொல்லவா, வேண்டாமா?"

நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் பயப்படுகிறார். கடை புறம்போக்கில் இருக்கிறது.

டிசம்பர் 6

நாள் முழுக்க மழை. அடுப்படியில் இரண்டு இடத்தில் ஒழுகியது. பாத்திரம் வைத்தேன். ரதிக்கு இரவுப் பணி.

டிசம்பர் 14

நிலையத்திலிருந்து வக்கீல் அம்மாவிடம் பேசியிருக்கிறார்கள். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று அறிக்கை போட ஆய்வாளர் தயார். இரண்டு நிபந்தனை. ரதி வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் ஆணையத்துக்கு அனுப்பிய மனுவைத் திரும்பப் பெற வேண்டும். சரி என்றால் பொங்கலுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும்.

முடியாது என்றேன். செய்யாததற்கு என் மகள் வருத்தம் தெரிவிக்கமாட்டாள்.

"அவங்க எழுதித் தந்துட்டாங்க, ஐயா. இந்தா இருக்கு. உங்க மனு ஒண்ணுதான் பாக்கி."

கடிதத்தைப் பார்த்தேன். ரதியின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நோயாளிகளின் அட்டையில் எழுதி எழுதி வந்தது. 'கோபத்தில் ஏட்டையாவின் கையைத் தட்டிவிட்டதற்கு வருந்துகிறேன்' என்று எழுதியிருந்தாள். இது பொய், இதை நான் அனுமதிக்கமாட்டேன் என்றேன்.

அவர் என் பதினொரு பக்கத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். "ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. அவங்க ரெண்டு கையும் கைப்பிடியில இருந்துச்சுன்னு நீங்கதான் கோடு போட்டு எழுதியிருக்கீங்க. ஏட்டு கடிகாரம் உடைஞ்சது நெசம். அந்த எடத்துல மூணு பேருதான் இருந்தீங்க."

அந்த மாடியில் காற்று வராது. மின்விசிறியும் ஓடவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மனுவைத் திரும்பப் பெறமாட்டேன். அவர்கள் நேரத்தை மாற்றி எழுதியது உண்மை. அதை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணையும் இருட்டியபிறகு ஏற்றிக்கொண்டு போவார்கள்.

டிசம்பர் 15

ரதியிடம் முடிவைச் சொன்னேன். "சரிப்பா" என்றாள். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டு, ஏற்கெனவே போட்டு வைத்திருந்த இன்னொன்றை எடுத்து அதற்கும் போட்டாள்.

ஜனவரி 8

ஆணையத்திலிருந்து பதில் வந்தது. மனு எண் கொடுத்திருக்கிறார்கள். நிலையத்திடம் அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். ரதியிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

ஜனவரி 19

ரதி காலையில் வேலை முடிந்து வந்து, குளிக்காமல், சீருடையோடே என் எதிரில் உட்கார்ந்தாள். கையில் சரிபார்ப்புக்கான படிவம் இருந்தது.

"இதுல ஒரு கட்டம் இருக்கு. 'குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?' நான் என்ன எழுத, சொல்லுங்க."

உண்மையை எழுது என்றேன்.

அவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "எந்த உண்மையப்பா? சாவியவே பாத்துட்டிருந்த அந்த ஏட்டு, யாரு தட்டுனதுன்னு கேட்டப்ப நான் திரும்பி உங்க மொகத்தப் பாத்தேன். உங்க வாயி அசையல. உங்களுக்குச் சுகர், பிரஷர். பெஞ்சுல ஒரு ராத்திரி தாங்கமாட்டீங்க. அதான் நான்னு சொன்னேன். அது பரவால்ல, அதுக்கு நான் வருத்தப்படல. ஆனா அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒண்ணு மட்டும் நெனச்சிட்டே இருந்தேன். காலைல அப்பா வந்து சொல்லிருவாங்க, அவங்க பொய் சொல்லமாட்டாங்கன்னு."

பிறகு எழுந்து குளிக்கப் போனாள்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடந்தது. கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் தோய்த்து, கொளுத்திக் காட்டினேன். எல்லாம் உதிர மத்தியானம் ஆகிவிட்டது.

ஜனவரி 20

ரதி மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் செவிலியர் விடுதிக்குப் போய்விட்டாள். இரவுப் பணிக்கு அதுதான் வசதி என்றாள். என் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று மூன்று டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கையில், கணவன் வீட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டி.

ஜனவரி 27

இன்று சரிபார்ப்பு. அவள் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதியிருக்கிறாள். வக்கீல் அம்மா போனில் சொன்னார். ரதி எனக்குப் பேசவில்லை.

ஜனவரி 31

பட்டியல் வந்தது. மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இந்த மருத்துவமனையிலிருந்து நாற்பத்தொரு பெயர். இரண்டு முறை படித்தேன். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பெயரெல்லாம் இருந்தது. தனியாக ஒரு துண்டுத் தாளில், வழக்கு நிலுவையால் நிறுத்திவைக்கப்பட்டவர் என்று ஒரே ஒரு பெயர்.

சில செவிலியர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரதி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். படம் எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, ஒருத்தியின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, மறுபடி எடுத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 1

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இரவு மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3

வக்கீல் அம்மாவிடம் போய் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 183 பற்றிக் கேட்டேன். ஒருவர் தானாக முன்வந்து மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம் கொடுப்பது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

நடைமுறையைச் சொன்னார். நீங்கள் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, சொன்னால் உங்களுக்கே எதிராகப் பயன்படும் என்று மாஜிஸ்ட்ரேட் எச்சரிப்பார். யோசிக்க நேரம் கொடுப்பார். அதன் பிறகும் சொன்னால் எழுதிக்கொள்வார். குற்றப்பத்திரிகை இன்னும் போடவில்லை, ஆகவே ரதியின் பெயரை எடுக்கச் சொல்லி அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் வழக்கு என் பக்கம் திரும்பும். பிரிவு 132-ல் இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு.

தெரியும் என்றேன்.

ஆணையத்து மனுவையாவது விட்டுவிடுங்களேன், நிலையத்தார் உங்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டலாம் என்றார். மாட்டேன் என்றேன். நான் செய்ததை நான் சொல்கிறேன். அவர்கள் செய்ததை அவர்கள் சொல்லட்டும். ஐந்து முப்பத்தைந்துக்கு அந்த வளைவில் வெயில் இருந்தது, ஜீப் இல்லை.

"அந்தக் கையெழுத்து வரி?" என்றார்.

அதையும் சொல்வேன். படிக்காமலே படித்ததாக எழுதினேன் என்று கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

"இதை நவம்பர்லயே சொல்லியிருக்கலாமே, ஐயா."



பிப்ரவரி 5

நடந்ததை மட்டும் எழுதுவதாகச் சொல்லித்தான் இந்த நோட்டைத் தொடங்கினேன். நவம்பர் 20-ஆம் தேதிப் பக்கத்தில் 'கை தட்டிவிடப்பட்டது' என்று இருக்கிறது. அதை அடிக்கப்போவதில்லை. கோர்ட்டுக்குப் போகும் நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஏட்டு மாசானமுத்துவின் கையைத் தட்டிவிட்டது என் வலது கை. அவர் பெரிசு என்று கூப்பிட்டதற்காகத் தட்டினேன், சாவிக்காக அல்ல. யார் என்று கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

இனி ஆக வேண்டியவை:

பிப்ரவரி 10, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன் வாக்குமூலம் கொடுக்க வேண்டியது நான்.

அது பதிவானதும் ரதியின் பெயரை நீக்கக் கோரி மதுரைக் கிளையில் 528 மனு போட வேண்டியது வழக்கறிஞர் எஸ்தர் கனகமணி.

நிறுத்திவைத்த அந்த ஒரு இடத்தை, மனு முடியும்வரை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லி மருத்துவ இயக்குநரகத்துக்கு எழுத வேண்டியதும் அவரே. கூடவே நானும் ஒரு கடிதம் எழுதுவேன்.

கைது நேரம் 5.35 என்று யார் சொல்லி யார் எழுதினார்கள் என்று ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆய்வாளர். அந்தப் பெண் காவலர் அன்று எங்கே இருந்தார் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

பார்த்ததை முழுதாகச் சொல்ல வேண்டியது சேர்மக்கனி. நேற்று போய் அவரிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றியதையும் மறைக்க வேண்டாம் என்றேன். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

எனக்கு ஜாமீன் தேவைப்பட்டால் கையெழுத்துப் போட வேண்டியது பக்கத்து வீட்டு ஞானப்பழம். ரதியைக் கேட்கக் கூடாது.

ரதியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியது நான். வக்கீல் அம்மா மூலமாக அல்ல, போனில் அல்ல. நாளைக் காலை எட்டு மணிக்கு, அவள் வேலை முடிந்து விடுதிக்கு நடக்கிற பாதையில். நிற்காமல் போனால், மறுநாளும் எட்டு மணிக்கு.